யோகா கிளாஸில் முடியலைன்னு சொல்லலாமா? - குருக்களின் குரு கிருஷ்ணமாச்சார்யாவின் கதை!

யோகா கிளாஸில் சேர்ந்திருக்கீங்க. புது மேட், புது டிராக் பேன்ட், கையில் ஸ்மார்ட் வாட்ச்னு எல்லாம் ரெடி. முதல் நாள். பக்கத்தில் இருப்பவர் அசால்ட்டாகக் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கிறார். உங்களுக்கோ விரல் நுனி முழங்காலைத் தாண்டுவதற்குள் தொடைக்குப் பின்னால் சுளீர்னு இழுக்கிறது. மாஸ்டர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறார். இப்போ என்ன செய்வீங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குனிவீங்களா, இல்லை முடியலைன்னு சொல்லி நிமிர்வீங்களா?

நம்மில் பாதிப் பேர் பல்லைத்தான் கடிப்போம். முடியலைன்னு சொன்னா மாஸ்டர் தப்பா நினைச்சுப்பாரோ, பின்னாடி நிக்கிறவங்க சிரிப்பாங்களோன்னு ஆயிரம் யோசனை. யோகா வகுப்பில் எப்படி நடந்துக்கணும்னு கேட்டால், செருப்பை வெளியே விடுங்க, போனை சைலன்ட்டில் போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. அதெல்லாம் சரிதான். ஆனால், கிளாஸில் உங்கள் உடம்பைக் காப்பாற்றுவது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

அந்தப் பதிலைத் தேட ஒருவரின் வாழ்க்கைக்குள் போகலாம். அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. வின்யாசா ஃப்ளோ, அஷ்டாங்கா, ஐயங்கார் யோகா என்றெல்லாம் இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்டூடியோ வாசல்களில் போர்டு தொங்குகிறதே, அந்த வழிகளை எல்லாம் பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனால் இவரிடம்தான் போய் நிற்கும். வாழ்க்கையின் கடைசி 37 வருடங்களை இவர் கழித்தது நம்ம சென்னையில்.

1888 நவம்பர் 18-ம் தேதி, மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா பகுதியில் உள்ள முச்சுகுந்தபுரத்தில் பிறந்தார். தெலுங்கு பேசும் வைணவக் குடும்பம். வேதமும் ஆசனமும் முதலில் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். மகனுக்குப் பத்து வயதாகும்போது அவர் இறந்துவிட, குடும்பம் மைசூருக்கு இடம்பெயர்ந்தது. பிறகு காசி, சம்ஸ்கிருதம், தர்க்கம், ஆயுர்வேதம் என்று படிப்பு, படிப்பு, படிப்புதான். 16 வயதில் நம்ம தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது, தன் முன்னோரான நாதமுனிகள் காட்சி தந்து யோக ரகசியத்தைச் சொன்னதாக அவர் நம்பினார்.

படிப்பு முடிந்ததும் யோகத்தை முழுசாகக் கற்க இமயமலையைத் தாண்டி, மானசரோவர் ஏரிப் பக்கம் இருந்த ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் போனதாகவும், அங்கே ஏழரை வருடங்கள் இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். இந்தப் பகுதிக்கு அவர் வார்த்தைதான் ஆதாரம். நம்புவதும் சந்தேகப்படுவதும் உங்கள் விருப்பம். ஆனால், குரு கேட்டதாக அவர் சொன்ன தட்சிணை சுவாரஸ்யமானது. பணமோ பொருளோ இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்யாணம் செய்து, குழந்தை குட்டியோடு வாழ்ந்துகொண்டே யோகம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கேட்க ஈஸியாகத் தெரிகிறது இல்லையா? அன்றைக்கு அது பட்டினிக்கு வழி. யோகம் என்றாலே சாமியார், சித்து வேலை என்று ஜனங்கள் ஒதுங்கிய காலம். அவர் படித்த படிப்புக்கு ஏதாவது ஓர் அரண்மனையில் பண்டிதராகச் சௌகர்யமாக உட்கார்ந்திருக்கலாம். 1925-ல் நாமகிரியைத் திருமணம் செய்துகொண்டார். மனைவியின் கிழிந்த புடவையில் இருந்து ஒரு துண்டை எடுத்துக் கோவணமாகக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு வறுமை. ஹாசன் பகுதி காபி எஸ்டேட்டில் மேற்பார்வையாளர் வேலை பார்த்தார். லீவு நாள்களில் ஊர் ஊராகப் போய் யோகத்தைப் பற்றிப் பேசுவார். கூட்டம் சேர்க்க வேண்டுமே? நாடித்துடிப்பை அடக்கிக் காட்டினார், ஓடும் காரைக் கையால் நிறுத்தினார், கனமான பொருளைப் பல்லால் தூக்கினார் என்றெல்லாம் சொல்கிறார்கள். இன்றைக்கு ஒற்றைக் கையில் தலைகீழாக நின்று ரீல்ஸ் போடுகிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதேதான். மனுஷர்களை நிமிர்ந்து பார்க்க வைக்க அன்றைக்கும் வித்தை தேவைப்பட்டது.

அந்த வித்தைதான் அவரை மைசூர் மகாராஜாவின் கண்ணில் பட வைத்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் நீரிழிவால் அவதிப்பட்டவர். கிருஷ்ணமாச்சார்யாவின் மேல் அவருக்கு நம்பிக்கை வந்தது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறந்தது. அடுத்த வருடமே யோக மகரந்தம் என்ற புத்தகத்தைக் கன்னடத்தில் எழுதினார் கிருஷ்ணமாச்சார்யா.

கத்தரிக்கோல் வந்த வகுப்பு

இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கும்.

யோகசாலையில் மாணவர்கள் பெரும்பாலும் பையன்கள். ரப்பர் மாதிரி வளையும் வயசு. மகாராஜாவின் விருந்தினர்களுக்கும் வெளியூர்க் கூட்டங்களுக்கும் ஆசனங்களைச் செய்து காட்ட வேண்டும். குருவோ முன்கோபக்காரர். நேரத்துக்கு வரவில்லை என்றால் பொறுக்க மாட்டார், எதிர்த்துப் பேசினால் விடவே மாட்டார். அடியும் விழும்.

1934-ல் அங்கே வந்து சேர்ந்தார் ஒரு நோஞ்சான் பையன். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் படுத்து எழுந்த 15 வயதுப் பையன். நாமகிரியின் தம்பி. அதாவது குருவே அவருக்கு அத்திம்பேர். ஆரம்பத்தில் இந்த உடம்புக்கு யோகா வராது என்று அத்திம்பேர் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டு வேலைதான் நடந்தது. கூட இருந்த சிறந்த மாணவன் ஒருவன் ஓடிப்போக, முக்கியமான ஒரு நிகழ்ச்சி நெருங்க, அவசர அவசரமாக இந்தப் பையனைத் தயார் செய்தார்கள்.

ஒரு நிகழ்ச்சியில் அனுமனாசனம் செய்யச் சொல்லி உத்தரவு. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழுசாக விரித்துத் தரையில் உட்கார வேண்டிய ஆசனம். பையனுக்கு அது தெரியாது. முடியாது என்று சொல்லும் தைரியமும் இல்லை. எனவே, போட்டிருக்கும் உள்ளாடை இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு சாக்கு சொன்னார். குரு அசரவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி அந்தத் துணியை வெட்டிவிட்டார். இனி என்ன சாக்கு? பையன் காலை விரித்தார். தொடைத் தசை கிழிந்தது. நீண்ட காலம் சரியாக நடக்கவே சிரமப்பட்டார்.

அந்தப் பையன்தான் பி.கே.எஸ்.ஐயங்கார். 1937-ல் குருவால் புனேவுக்கு அனுப்பப்பட்டு, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அதே ஐயங்கார். கயிறு, கட்டை, நாற்காலி, பெல்ட் எல்லாம் வைத்துக்கொண்டு வளையாத உடம்புக்கும் ஆசனத்தைக் கொண்டு சேர்த்தவர். உங்கள் கிளாஸில் ஓரமாக அடுக்கி வைத்திருக்கும் அந்தக் கட்டைகளை எடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தால், அவை யாரால் பிரபலமாகின என்பதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணமாச்சார்யாவைக் கொண்டாடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை அந்தக் காலத்து குருகுலம் அப்படித்தான் என்று கடந்துபோவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்தில் வளைந்த உடம்பு உடம்பு இல்லையா என்ன? ஆனால், கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதே மைசூரில், அதே காலத்தில், நோயாளிகளைத் தனித்தனியாகப் பார்த்து, நாடி பிடித்து, அவரவர்க்கு ஏற்றபடி பயிற்சி கொடுத்துக்கொண்டும் இருந்தவர் இவர். ஆள் ஒருவர்தான். கூட்டமாக, மற்றவர் பார்வைக்காக நடந்த வகுப்பில் ஒரு மாதிரி, எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்தபோது இன்னொரு மாதிரி. இதை மனசில் வெச்சுக்கோங்க, பிறகு வருவோம்.

கதவு மூடியிருந்தது

1930-களின் பிற்பகுதியில் யோகசாலைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். ரஷ்யப் பேரரசின் ரீகா நகரில் பிறந்தவர், நடிகை, தூதரக அதிகாரி ஒருவரின் மனைவி. இந்திரா தேவி என்ற பெயரில் இந்தியப் படத்திலும் நடித்திருந்தார். பெண்ணுக்கும் சொல்லித் தருவதில்லை, வெளிநாட்டவருக்கும் சொல்லித் தருவதில்லை என்று கிருஷ்ணமாச்சார்யா கையை விரித்துவிட்டார். மகாராஜா தலையிட்ட பிறகுதான் வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார்.

சம்மதித்தார் என்றுதான் பேரே தவிர, தானாக ஓடிவிட வேண்டும் என்றே விதிகள் போட்டார். இன்னதுதான் சாப்பிட வேண்டும், இந்த நேரத்தில்தான் தூங்க வேண்டும், இந்த நிமிடத்தில் இங்கே நிற்க வேண்டும். ராஜா வீட்டு விருந்தாளி என்று ஒரு சலுகையும் இல்லை. அந்தப் பெண் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் அத்தனையையும் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குருவின் முகம் மாறியது. கணவருக்குச் சீனாவுக்கு மாற்றல் வந்தபோது, போகிற இடத்தில் நீ யோகா சொல்லிக்கொடு என்று உத்தரவிட்டு, குறிப்பெடுத்துக்கொள்ளச் சொல்லி மூச்சுப் பயிற்சி முதற்கொண்டு பாடம் நடத்தினார். 1939-ல் ஷாங்காயில் தொடங்கிய இந்திரா தேவியின் வகுப்புகள், 1940-களின் கடைசியில் ஹாலிவுட் வரை போயின. 102 வயது வரை வாழ்ந்து 2002-ல் இறந்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது குருவின் கண்டிப்பு இல்லை. நேரம், சாப்பாடு, தூக்கம் ஆகிய மூன்றையும் இந்திரா தேவி தன் கையில் எடுத்துக்கொண்டதுதான். நமக்கும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏழு மணி கிளாஸுக்கு ஏழு ஐந்துக்குக் கதவைத் திறந்துகொண்டு நுழைவது ஐந்து நிமிட விஷயம் இல்லை. கண்ணை மூடி அப்போதுதான் அடங்கத் தொடங்கிய பத்துப் பேரின் மூச்சையும் கலைத்துவிடுகிறீர்கள். பத்து நிமிடம் முன்னால் போய், மேட்டை விரித்து, சும்மா உட்காருங்கள். வழியில் அடுத்தவர் மேட்டை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மதியம் பிரியாணி, சாயங்காலம் சர்வாங்காசனம் என்று பிளான் போட்டால் சங்கடம் உங்களுக்கு மட்டும் இருக்காது. சென்ட்டும் அப்படித்தான். எல்லாரும் ஆழமாக மூச்சிழுக்கும் அறையில் உங்கள் பாடி ஸ்பிரேவை இருபது பேர் விழுங்க வேண்டியிருக்கும்.

மைசூர் மூடியது, மதராஸ் திறந்தது

1940-ல் மகாராஜா இறந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவும் போனது. 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபதைத் தாண்டிய மனிதர், ஆறு பிள்ளைகள், மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பிரபல சட்ட நிபுணர் ஒருவருக்குச் சிகிச்சை தர அழைப்பு வந்ததால் 1952-ல் மதராஸுக்கு வந்தார். விவேகானந்தா கல்லூரியில் வகுப்பெடுத்தார். இங்கே அவருக்கு அரண்மனையும் இல்லை, வளையும் பையன்களும் இல்லை. முதுகுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், குடும்பப் பெண்கள், வயதானவர்கள் எனத் தனித்தனியாக வீட்டுப் படியேறி வந்தார்கள்.

அங்கேதான் நாம் இன்று கிருஷ்ணமாச்சார்யா என்று மதிக்கும் ஆசிரியர் முழுசாக உருவானார். வந்தவரை முதலில் கவனிப்பார். நாடி பார்ப்பார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எங்கே வலி என்று விசாரிப்பார். பிறகுதான் ஆசனம். ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார். அதே ஆசனத்தை ஒருவர் முட்டியை மடக்கிச் செய்வார், இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்வார். ஆளுக்குத் தகுந்தபடி ஆசனம் மாறுமே தவிர, ஆசனத்துக்காக ஆளை உடைப்பது இல்லை.

அளவுகோல் மூச்சு. கையை உயர்த்தினால் மூச்சு உள்ளே, குனிந்தால் மூச்சு வெளியே. அது நீளமாக, சத்தமில்லாமல் சீராக ஓடும் வரை நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். திணறினால், பிசிறடித்தால், எல்லை தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை கிளாஸில் பக்கத்து ஆள் எவ்வளவு குனிகிறார் என்று கண் போகும்போது, உங்கள் மூச்சைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் பார்த்தபடி கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தால் சுளுக்குதான் மிச்சம். அதே மாதிரி, பக்கத்து ஆள் தப்பாகச் செய்கிறார் என்று நீங்கள் பாடம் நடத்தவும் வேண்டாம். அவர் முட்டிக்கு என்ன பிரச்னையோ, மாஸ்டர் தனியாக என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ!

1961 வாக்கில் நடந்த ஒரு சம்பவம் அவர் மகன் தேசிகாச்சாரின் வாழ்க்கையையே திருப்பியது. சின்ன வயதில் அப்பாவின் யோகா கிளாஸில் இருந்து தப்பிக்கத் தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டவர் தேசிகாச்சார். வளர்ந்து இன்ஜினீயர் ஆகி, வேலைக்குப் போகும் முன் பெற்றோரைப் பார்க்க வந்திருந்தார். வாசலில் பெரிய கார் வந்து நின்றது. இறங்கிய வெளிநாட்டுப் பெண்மணி, வேட்டியும் திருமண்ணுமாக நின்ற கிருஷ்ணமாச்சார்யாவை ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், அறுபதுகளின் மதராஸ், ஆசாரமான ஐயங்கார் வீட்டு வாசல்! மகன் ஆடிப்போனார். விஷயம் இதுதான். பல வருடங்களாக மாத்திரை இல்லாமல் தூங்காதவர் அந்தப் பெண்மணி. முந்தைய இரவு மாத்திரை இல்லாமலே தூங்கிவிட்டார். மைசூரில் வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கதவை மூடிய அதே மனிதர்தான் இவர்.

இன்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று வந்து நின்றார் மகன். அப்பா உடனே உருகிவிடவில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கு எழுப்பி வகுப்பு வைத்தார். கண்டிப்பு போகவில்லை, அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. நேரத்தில் கறார், உடம்பில் கரிசனம். 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இன்றும் சென்னை மந்தைவெளியில் இயங்குகிறது.

சாமி விஷயத்திலும் இதே கரிசனம் உண்டு. அவர் தீவிர வைணவர். ஆனால், தியானத்தில் எதை நினைப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம் தன் தெய்வத்தைத் திணிக்க மாட்டார். கடவுளை நினைக்க முடியாதவர்கள் சூரியனை நினைக்கலாம், அப்பா அம்மாவை நினைக்கலாம். உங்கள் கிளாஸ் ஸ்லோகத்தோடு தொடங்கினால், அதில் உங்களுக்கு விருப்பம் இல்லாவிட்டால், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அமைதியாக உட்கார்ந்திருந்தாலே போதும். அந்த நேரத்தில் போனை நோண்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போ அந்த முதல் கேள்விக்கு வரலாம். இருபது, முப்பது பேருக்கு ஒரு மாஸ்டர் என்று நடக்கும் இன்றைய கிளாஸ், மைசூர் யோகசாலைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது, மதராஸ் வீட்டுக்கு இல்லை. முப்பது பேரிடமும் நாடி பார்த்து விசாரிக்க எந்த மாஸ்டராலும் முடியாது. அவர் கேட்காததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிஸ்க் பிரச்னை, பி.பி, பழைய ஃபிராக்சர், கர்ப்பம், பீரியட்ஸ் எதுவாக இருந்தாலும் கிளாஸ் தொடங்குவதற்கு முன் தனியாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் வலித்தால் நிறுத்துங்கள். கையைத் தூக்கிக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம், மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்து மூச்சைச் சரிசெய்தாலே எந்த நல்ல மாஸ்டருக்கும் புரிந்துவிடும். தொட்டுத் திருத்துவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அதையும் சொல்லலாம். அப்படிச் சொன்ன பிறகும் முதுகில் ஏறி அழுத்துகிறார் என்றால், மரியாதையை மீறியது நீங்கள் இல்லை, அவர். தாராளமாக வேறு கிளாஸ் தேடுங்கள்.

அப்புறம், கடைசி சவாசனத்தில் எழுந்து ஓடாதீங்க. டிராஃபிக்கும் ஆபீஸும் எங்கேயும் போய்விடாது. கிளம்பியே ஆக வேண்டும் என்றால் சவாசனம் தொடங்குவதற்கு முன்பே மேட்டைச் சுருட்டிக்கொண்டு போங்கள். எல்லாரும் படுத்த பிறகு ஜிப் சத்தமும் சாவிக் கொத்துச் சத்தமும் வேண்டாமே. கிருஷ்ணமாச்சார்யா கற்றுத்தந்த முறையில் ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி. கடினமான ஒன்றைச் செய்தால், அதைச் சமன்செய்யும் எளிய ஒன்றைச் செய்து, உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விட்டுத்தான் அனுப்புவார்.

1938-ல் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஐம்பது வயது கிருஷ்ணமாச்சார்யா கோவணத்தோடு, காற்றில் மிதப்பதுபோல ஓர் ஆசனத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போவார். உங்கள் போனிலேயே தேடிப் பார்க்கலாம், அசந்துபோவீங்க.

1984-ல், 96-வது வயதில், அவர் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். தனக்குத்தானே ஒரு பயிற்சி முறையை வகுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் இருக்கும் எதுவும் அதில் இல்லை. எல்லாமே கட்டிலில் படுத்தபடி செய்யக்கூடியவை. 1989 பிப்ரவரி 28-ம் தேதி, நூறு வயதைக் கடந்து இறந்தார். கடைசிக் காலம் வரை பாடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.